டோஃபுவில் முட்டைப் பொடிமாஸ் முதல் முட்டைக் குழம்பு வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டையை விட்டவர்களும், விட நினைப்பவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குச் சமைப்பவர்களும், சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. பால், தயிர், நெய் எதுவும் சேராத வீகன் முறையிலேயே எல்லாச் செய்முறைகளும் தரப்பட்டுள்ளன. தேக்கரண்டி என்பது 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, கோப்பை 240 மில்லி என்று கொள்ளவும்.

டோஃபுவை உதிர்த்துத் தாளித்தால் முட்டைப் பொடிமாஸ் ஆகிவிடுமா?

ஆகாது. அது டோஃபு வதக்கலாகத்தான் இருக்கும். முட்டை உணவை முட்டை உணவாக நாக்கு அறிந்துகொள்வது கந்தக வாசனை, மஞ்சள் நிறம், வாயில் கரையும் மென்மை, மஞ்சள் கருவிலிருந்து வரும் கொழுப்பு ஆகிய நான்கினால்தான். டோஃபுவிடம் இயல்பாக இருப்பது மென்மை மட்டுமே. அதுவும் சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால்தான் கிடைக்கும். மற்ற மூன்றையும் சமைப்பவர் தனித்தனியாக, அவற்றுக்குரிய நேரத்தில் சேர்க்க வேண்டும். நிறம் தொடக்கத்திலும், கொழுப்பு நடுவிலும், வாசனை கடைசியிலும் சேர வேண்டும் என்பதை மனத்தில் கொண்டால் கீழே வரும் எல்லாச் செய்முறைகளும் எளிதாகிவிடும். இந்த வரிசை தவறுவதால்தான் பலர் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு டோஃபுவே பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கடையில் பலவகை டோஃபு கிடைக்கிறதே, எந்த உணவுக்கு எதை வாங்குவது?

சோயாப்பாலைத் திரித்து, துணியில் வடித்து, பாரம் வைத்து அழுத்தி எடுப்பது கெட்டி டோஃபு. தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் 200 கிராம் பொட்டலமாக, சில இடங்களில் ‘சோயா பனீர்’ என்ற பெயரில் கிடைப்பது இதுதான். பொடிமாஸ், கொத்து பரோட்டா, குழம்பில் போடும் துண்டுகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். சோயாப்பாலைப் பெட்டிக்குள்ளேயே உறைய வைத்து, வடிக்காமலும் அழுத்தாமலும் விற்பது சில்கன் டோஃபு. கரண்டியால் எடுத்தால் கட்டித் தயிரைப் போல வழுக்கிக்கொண்டு வரும். ஆம்லெட் மாவு, கலக்கி, கேக் ஆகியவற்றுக்கு இதுதான் வேண்டும். பெரிய கடைகளிலும் இணையக் கடைகளிலும் காகிதப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். கிடைக்காத ஊரில் கெட்டி டோஃபு 150 கிராமுடன் அரைக் கோப்பைத் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் மழமழவென்று அரைத்தால் ஆம்லெட் மாவுக்குப் போதுமானதாக இருக்கும். கலக்கிக்கு அது சரிவராது.

மலேசியா, சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு டோஃபு புதிதன்று. அங்கே மாமாக் கடைகளில் கிடைக்கும் மீ கோரெங் என்னும் நூடுல்ஸ் வறுவலிலேயே அது இருக்கிறது. அங்கே தௌக்வா என்று விற்கப்படும் அழுத்திய கெட்டி டோஃபுவைப் பொடிமாஸுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த ஊர்க் கடைகளில் நீண்ட பிளாஸ்டிக் குழலில் மஞ்சளாக விற்கப்படும் ‘முட்டை டோஃபு’வை மட்டும் எடுத்துவிடக் கூடாது. பெயரைப் பார்த்து முட்டை போன்ற டோஃபு என்று எண்ணிவிடலாம். அதில் உண்மையாகவே கோழி முட்டை சேர்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதைக் கொடுப்பது ஆபத்தானது.

முட்டை வாசனை எதிலிருந்து வருகிறது?

காலா நமக் என்னும் கருப்பு உப்பிலிருந்து வருகிறது. பானிபூரித் தண்ணீரிலும் சாட் மசாலாவிலும் மூக்கில் ஏறும் அந்த வாசனைதான் இது. உப்பைக் கரி, கடுக்காய் போன்றவற்றோடு சேர்த்துச் சூளையில் பல மணி நேரம் சுடும்போது, உப்போடு இருக்கும் சல்ஃபேட்டின் ஒரு பகுதி சல்ஃபைடுகளாக மாறுகிறது. அவற்றிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, முட்டையை வேகவைக்கும்போது வெள்ளைக் கருவிலிருந்து எழும் அதே வாயுதான். எனவே இது போலி வாசனை அன்று. முட்டையின் வாசனைக்குக் காரணமான பொருளே இங்கே வேறு வழியாக வருகிறது.

அந்த வாயு எளிதில் பறந்துவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. தாளிக்கும்போதோ வதக்கும்போதோ காலா நமக் போட்டால் சமையலறை முழுவதும் முட்டை மணக்கும். தட்டில் வெறும் உப்புத்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு, பரிமாறுவதற்குச் சற்று முன்பு, 200 கிராம் டோஃபுவுக்கு கால் முதல் அரைத் தேக்கரண்டி வரை தூவிக் கிளறுவதே முறை. இதுவும் உப்பு என்பதால் சமைக்கும்போது போடும் சாதாரண உப்பைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் கட்டுப்படுத்துபவர்கள் இரண்டையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிகிறவர்கள் காலா நமக்கோடு சேர்த்துப் பிழிந்து வைத்துவிடக் கூடாது. புளிப்பு பட்டவுடன் வாசனை ஒரேயடியாகக் கிளம்பி, சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

இதற்குத் துணையாகத் தாளிப்பில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் சேர்ப்பது மிகவும் நல்லது. அதிலும் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் காலா நமக்கின் கூர்மையைத் தாங்கிப் பிடிக்கும் ஓர் அடி வாசனை கிடைக்கும்.

வீட்டில் இந்துப்பு இருக்கிறது. அது போதாதா?

போதாது. இந்துப்பு வெட்டியெடுக்கப்பட்ட பாறை உப்பு. அதில் முட்டை வாசனை கிடையாது. காலா நமக் கட்டியாக இருக்கும்போது கருஞ்சிவப்பாகவும், பொடித்தால் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாகவும் இருக்கும். இந்துப்புப் பொடியும் இளஞ்சிவப்பாக இருப்பதால் கடைக்காரர்களே சில நேரம் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். கரித்தூள் கலந்து கறுப்பாக விற்கப்படும் அலங்கார உப்புகளும் இதற்கு உதவா.

மஞ்சள் தூள் போட்டால் பச்சை வாடை வருகிறதே?

மஞ்சள் தூளை டோஃபுவின் மேல் நேரடியாகத் தூவுவதால்தான் அப்படி வருகிறது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகையால் தாளித்த எண்ணெயில் முதலில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிய பிறகு டோஃபுவைச் சேர்க்க வேண்டும். 200 கிராமுக்கு கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இளம் மஞ்சளாக, இடையிடையே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருப்பதே முட்டைப் பொடிமாஸின் உண்மையான நிறம்; ஒரே சீரான அடர் மஞ்சள் வந்தால் அது எலுமிச்சைச் சாதத்தின் நிறமாகிவிடும். ஆம்லெட் மாவில் சமையல் சோடா கூடினால் மஞ்சள் சிவந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

பொடிமாஸ் செய்யும் முறையை முழுமையாகச் சொல்ல முடியுமா?

இரண்டு பேருக்கு 200 கிராம் கெட்டி டோஃபு வேண்டும். பொட்டலத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டோஃபுவை மெல்லிய துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவியோ தண்ணீர் நிரம்பிய பாத்திரமோ வைத்து 15 நிமிடம் அழுத்தவும். அதற்கு மேல் அழுத்த வேண்டாம். பொடிமாஸுக்குச் சிறிது ஈரம் மிஞ்சியிருக்க வேண்டும். பிறகு கையாலேயே உதிர்க்கவும். கத்தியால் நறுக்கினாலோ துருவினாலோ எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்கும். பெரிதும் சிறிதுமாக, விரல் நுனி அளவுத் துண்டுகளும் தூளும் கலந்திருந்தால்தான் கிளறிய முட்டையின் தோற்றம் வரும்.

இரும்பு வாணலியில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்றையும் பச்சை மிளகாய் இரண்டையும் வதக்கவும். வெங்காயம் பொன்னிறமாகும் வரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடி போல ஆனதும் நிறுத்திவிடலாம், ஏனெனில் முட்டைப் பொடிமாஸில் வெங்காயத்தின் இனிப்புச் சற்றுத் தெரிய வேண்டும். இப்போது கால் தேக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கிளறி, உதிர்த்த டோஃபுவைக் கொட்டவும். முதல் இரண்டு நிமிடம் கரண்டியைப் போடாமல் விட்டுவிட வேண்டும். அடியில் ஆங்காங்கே மெல்லிய பொன்னிறப் பொருக்கு பிடிக்கும். அதைச் சுரண்டிப் புரட்டி, மறுபடி ஒரு நிமிடம் விட வேண்டும். தொடர்ந்து கிளறிக்கொண்டே இருந்தால் பொருக்கே பிடிக்காமல் டோஃபு குழைந்துவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி, அல்லது பத்து முந்திரியை ஊறவைத்து அரைத்த விழுது, இவற்றுள் ஒன்றைச் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டினால் துண்டுகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து மஞ்சள் கருவின் செழுமையைத் தரும். பலர் விட்டுவிடுகிற படி இது. எனக்குப் பொடிமாஸின் உயிரே இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. அடுப்பை அணைத்து, புதிதாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, காலா நமக் கால் தேக்கரண்டி, கொத்தமல்லித்தழை தூவி இறக்கவும். ருசி பார்த்த பிறகு தேவைப்பட்டால் இன்னும் ஒரு சிட்டிகைக் காலா நமக் சேர்த்துக்கொள்ளலாம்.

வாணலியில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. சில நாள் ரப்பர் போல ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

தண்ணீர் விடுவதற்குக் காரணம், டோஃபுவைச் சரியாக அழுத்தாததோ, வாணலி காயாமல் இருந்ததோ, சிறிய வாணலியில் அதிக டோஃபுவைக் குவித்ததோ ஆகும். அழுத்த நேரமில்லாதவர்கள் டோஃபுவைத் துண்டுகளாக்கி, கொதிக்கும் உப்புத் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து வடித்தாலும் உள்ளிருக்கும் நீர் பெருமளவு வெளியேறிவிடும், சோயாவின் பச்சை வாடையும் குறையும். ரப்பர் போல ஆவது நீண்ட நேரம் வதக்குவதால் நேர்வது. டோஃபு ஏற்கெனவே வெந்த பொருள்; அதைச் சூடாக்கிப் பொருக்குப் பிடிக்க வைப்பது மட்டுமே நம் வேலை. மொத்தத்தில் ஆறேழு நிமிடத்துக்கு மேல் வாணலியில் இருக்கக் கூடாது.

ஆம்லெட் பிய்ந்துபோகாமல் திருப்பிப் போட வருமா?

முட்டையைச் சூடாக்கினால் அதன் புரதம் இறுகிப் பிணைந்துகொள்ளும். டோஃபுவில் உள்ள புரதம் முன்பே திரிந்து உறைந்துவிட்டதால் அது மறுபடி பிணையாது. ஆகவே சூட்டில் இறுகும் மாவு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். சில்கன் டோஃபு 150 கிராம், கடலை மாவு அரைக் கோப்பை, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, சிறிது உப்பு ஆகியவற்றை அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைவான தண்ணீருடன் மிக்ஸியில் அடித்து, பத்து நிமிடம் ஊறவிடவும். மாவு ஊத்தப்ப மாவுக்கும் ரவா தோசை மாவுக்கும் இடைப்பட்ட பதத்தில் இருக்க வேண்டும். நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை கலந்து, மிதமான சூட்டில் இருக்கும் தோசைக்கல்லில் ஊற்றி, தடவித் தேய்க்காமல் தானாகப் பரவவிட்டு, ஓரத்தில் எண்ணெய் விட்டு மூடி வைக்கவும். நான்கு ஐந்து நிமிடத்தில் மேற்பரப்பின் பளபளப்பு மறைந்து ஓரம் தானாகக் கிளம்பும். அதற்கு முன் தோசைத் திருப்பியை நுழைத்தால் பிய்ந்துவிடும். திருப்பிப் போட்டு ஒரு நிமிடம் வைத்து, தட்டுக்கு மாற்றியபின் காலா நமக்கும் மிளகும் தூவவும். இந்த அளவில் இரண்டு ஆம்லெட் வரும்.

கடலை மாவின் வாடை பிடிக்காதவர்கள் அதற்குப் பதில் அரைக் கோப்பைப் பாசிப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து டோஃபுவோடு சேர்த்து அரைக்கலாம். அப்போது தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பாசிப்பயறின் புரதம் சூட்டில் முட்டையைப் போலவே இறுகும் இயல்புடையது. அமெரிக்காவில் புட்டியில் விற்கப்படும் ஜஸ்ட் எக் என்னும் திரவமும் பாசிப்பயறுப் புரதத்தைக் கொண்டு செய்யப்படுவதுதான். எனக்குப் பாசிப்பருப்பு ஆம்லெட்டே கூடுதலாகப் பிடிக்கும்.

கலக்கியும் கரண்டி ஆம்லெட்டும் செய்ய வருமா?

இரண்டும் வரும், அதிலும் கலக்கி மிக நன்றாக வரும். கோவை, ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் முட்டையைச் சால்னாவோடு அடித்து, கல்லில் ஊற்றி, பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும்போதே சுருட்டி எடுத்துக் கொடுப்பதுதான் கலக்கி. அந்த அரைவேக்காட்டுக் குழைவு சில்கன் டோஃபுவிடம் இயல்பாகவே இருக்கிறது. கோழி முட்டையை அரைவேக்காடாக உண்பதில் உள்ள கிருமி அச்சமும் இங்கே இல்லை.

இதற்குக் கடலை மாவு கூடாது; அரைவேக்காட்டில் எடுக்கும்போது அது பச்சையாக நாக்கில் தட்டும். ஏற்கெனவே வறுபட்ட பொட்டுக்கடலையைப் பொடித்த மாவு ஒரு மேசைக்கரண்டி போதும். அதை மூன்று மேசைக்கரண்டிச் சால்னாவில் கட்டியில்லாமல் கரைத்து, 200 கிராம் சில்கன் டோஃபுவைக் கரண்டியால் லேசாக உடைத்துச் சேர்க்கவும். மிக்ஸியில் அடித்துவிட்டால் கூழாகிவிடும். சில இடம் வழுவழுப்பாகவும் சில இடம் கட்டியாகவும் இருக்க வேண்டும். மஞ்சள் தூளை எண்ணெயில் சூடாக்கிச் சால்னாவிலேயே கலந்துகொள்ளலாம். தோசைக்கல்லைவிடச் சிறிய வாணலி வசதியானது. எண்ணெய் காய்ந்ததும் கலவையை ஊற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்கு இரண்டு மூன்று முறை தள்ளி, இரண்டு நிமிடத்தில், நடுப்பகுதி இன்னும் தளதளவென்று ஆடும்போதே தட்டில் சரித்துவிட வேண்டும். மேலே காலா நமக்கும் நிறைய மிளகும் தூவவும். சால்னா தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்ட காய்கறிச் சால்னாவாக இருக்கட்டும்.

கரண்டி ஆம்லெட்டுக்கு மேலே சொன்ன ஆம்லெட் மாவையே தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கரைத்து, ஒரு சிட்டிகைச் சமையல் சோடா மட்டும் சேர்க்கவும். நீளக் காம்புள்ள இரும்புக் குழிக்கரண்டியை அடுப்பில் நேரடியாகக் காயவைத்து, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயத்தை அதிலேயே வதக்கி, முக்கால் அளவுக்கு மாவை ஊற்றி, சிறு தட்டால் மூடிச் சிறு தீயில் வேகவிட வேண்டும். நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வரும்போது கவிழ்த்துப் போட்டு மறுபுறம் சிவக்கவிடலாம்.

அவித்த முட்டையைப் போல முழுதாகக் குழம்பில் போட முடியுமா?

முடியும், ஆனால் உழைப்பு அதிகம். வெள்ளைப் பகுதிக்குக் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ் வேண்டும். இராமநாதபுரம் கடற்கரையில் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுவதால், விலங்கு எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் போலன்றி இது முற்றிலும் தாவரப் பொருள். இரண்டு தேக்கரண்டிக் கடல்பாசிப் பொடியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடவும். 150 கிராம் டோஃபுவையும் அரைக் கோப்பைக் கெட்டித் தேங்காய்ப்பாலையும் சிறிது உப்பு சேர்த்து அரைத்து, வெதுவெதுப்பாகச் சூடாக்கி, அதில் கொதிக்கும் பாசிக் கரைசலை ஊற்றி வேகமாகக் கலக்கவும். அரைத்த விழுது குளிர்ந்திருந்தால் பாசி அங்கேயே திரிதிரியாக உறைந்துவிடும். எண்ணெய் தடவிய குளிர்ந்த குழிப்பணியாரக் கல்லை அச்சாகக் கொண்டு ஊற்றி, ஆறவிட்டால் பாதி முட்டை வடிவம் கிடைக்கும். மசித்த உருளைக்கிழங்கு, மஞ்சள் தூள், மிளகு, எண்ணெய், காலா நமக் சேர்த்துப் பிசைந்து சிறு உருண்டைகளாக உருட்டி, நடுவில் குழித்துப் பதித்தால் மஞ்சள் கருவும் ஆயிற்று.

கடல்பாசி ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் கொதிக்கும் குழம்பில் இதைப் போட்டுவிடக் கூடாது. தட்டில் அடுக்கிவைத்து, சற்று ஆறிய மசாலாவை மேலே ஊற்றிப் பரிமாற வேண்டும். விருந்தினர் வரும் நாளுக்கு இது அழகுதான். அன்றாடக் குழம்புக்கு என் பரிந்துரை வேறு. கெட்டி டோஃபுவை ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து, மறுநாள் உருகவிட்டு, பிழிந்து பாருங்கள். உள்ளே பனிக்கட்டி உண்டாக்கிய துளைகளால் அது பஞ்சுபோல மாறியிருக்கும். அதைக் கனமான துண்டுகளாக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள் தூள் புரட்டி எண்ணெயில் சிவக்கவிட்டு, சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கித் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், குழம்பை உள்ளே உறிஞ்சி, கடிக்கும்போது சாறு விடும். முட்டை வடிவம் இல்லாமற்போனாலும், முட்டைக் குழம்பில் நாம் உண்மையில் விரும்புவது அந்த மசாலாவைத்தானே.

கொத்து பரோட்டா, முட்டை தோசை, முட்டைச் சாதம்?

மேலே சொன்ன பொடிமாஸை, தேங்காய்ப்பால் சேர்க்காமல், சற்று உலர்வாகச் செய்து கலந்தால் கொத்து பரோட்டாவும் முட்டைச் சாதமும் ஆகிவிடும். பரோட்டா வீட்டில் செய்ததாக இருப்பது நல்லது. கடைப் பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பது வழக்கம். முட்டை தோசைக்குத் தோசை பாதி வெந்ததும் ஆம்லெட் மாவை இரண்டு கரண்டி மேலே பரப்பி, மூடி வேகவைத்து, திருப்பிப் போட வேண்டும்.

கேக்கில் முட்டைக்குப் பதில் டோஃபு போடலாமா?

ஒரு முட்டைக்குக் கால் கோப்பை, அதாவது ஏறத்தாழ 60 கிராம், மழமழவென்று அரைத்த சில்கன் டோஃபு போடலாம். சாக்லேட் கேக், வாழைப்பழக் கேக் போன்ற கனமான வகைகளுக்குப் பொருந்தும். முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் பஞ்சு கேக்குக்குப் பொருந்தாது. நுரை வேண்டிய இடத்தில் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரே உதவும்.

டோஃபுவை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், பொடிமாஸுக்கு அது கடை டோஃபுவைவிட நன்றாகவே இருக்கும். 250 கிராம் சோயாபீன்ஸை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, கழுவி, மொத்தம் இரண்டு லிட்டர் தண்ணீருக்குள் அடங்குமாறு விட்டு நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிழியவும். இந்தப் பாலைக் காய்ச்சும்போது, கொதி வருவதற்கு முன்பே நுரை பொங்கி வழிந்து, பால் காய்ந்துவிட்டதாக எண்ண வைக்கும். ஆகவே பெரிய பாத்திரமும் விடாமல் துழாவுவதும் அவசியம். உண்மையில் கொதித்த பிறகு சிறு தீயில் பத்து நிமிடமாவது வேக வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் இந்த வேக்காட்டைக் குறைக்கவே கூடாது.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அரைக் கோப்பை வெந்நீரில் கலந்து, மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சுற்று மட்டும் துழாவவும். கால் மணி நேரத்தில் திரிந்த வெள்ளைக் கட்டிகளும் தெளிந்த இளமஞ்சள் நீரும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். நீர் இன்னும் பால்போலக் கலங்கலாக இருந்தால் சிறிது சாறு கூட்டலாம். துணி விரித்த வடிதட்டில் ஊற்றி, மூடி, அரை மணி நேரம் பாரம் வைத்தால் 300 முதல் 400 கிராம் வரை கிடைக்கும். எலுமிச்சையில் திரிந்தது எளிதில் உதிரும். அதனால்தான் பொடிமாஸுக்கு ஏற்றது. துண்டு போட வேண்டுமானால் உணவுத் தர ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட், அல்லது நிகாரி என்னும் மெக்னீசியம் குளோரைடு கொண்டு திரிப்பது வழக்கம். பிழிந்த சக்கையை எறிய வேண்டாம். அடை மாவிலோ வடை மாவிலோ கலந்துவிடலாம், நன்றாக வெந்தால் போதும்.

முட்டையில் உள்ள சத்து இதில் கிடைக்குமா?

புரதம் கிடைக்கும். ஓடு நீக்கிய 50 கிராம் முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் கெட்டி டோஃபுவில், எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து, 10 கிராமும் அதற்கு மேலும் இருக்கும். சோயாப் புரதத்தில் இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் உள்ளன. கொலஸ்டிரால் கிடையாது. கால்சியம் சல்ஃபேட்டில் திரித்த டோஃபுவில் கால்சியமும் நிறைய இருக்கும்.

கிடைக்காதது வைட்டமின் பி12. முட்டை, பால், இறைச்சி அனைத்தையும் விட்டவர்கள் இதை மாத்திரையாகவோ, பி12 செறிவூட்டப்பட்ட உணவாகவோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் இரத்தச்சோகையும் நரம்புப் பாதிப்பும் வரக்கூடும் என்பதால், வீகன் உணவுக்கு மாறும் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசிவிடுமாறு மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சோயா யாருக்கு ஆகாது? ஆண்களுக்குக் கெடுதல் என்கிறார்களே?

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குச் சோயாவும் ஒவ்வாமல் போகலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை எடுப்பவர்கள் டோஃபு உண்ணலாம். ஆனால் சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் மாத்திரைக்கும் உணவுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் ஆண்களின் ஹார்மோனைக் கெடுக்கும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சோயா உண்பதால் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறுவதில்லை என்றே கண்டிருக்கிறார்கள்.

பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் என்று கொள்ளலாமா?

கூடாது. இந்தியாவில் பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கும். அதில் பால் பொருள்கள் இருக்கலாம். வீகன் உணவுக்கென்று 2022இல் வந்த விதிமுறைகளின்படி தனி இலச்சினை உண்டு. சாதாரண டோஃபுவில் பால் சேராது. ஆனால் மசாலா தடவிய, பொரித்த வகைகளில் சேர்பொருள் பட்டியலைப் படித்துவிடுவது நல்லது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதைக் கோதுமை ஆகாதவர்கள் கவனிக்கவும்.

மிஞ்சிய டோஃபுவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

திறந்த கெட்டி டோஃபுவை மூடியுள்ள பாத்திரத்தில் தண்ணீரில் மூழ்க வைத்து, குளிர்பெட்டியில் வைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றினால் மூன்று நான்கு நாள் இருக்கும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ வந்தால் எறிந்துவிட வேண்டும். வேகவைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். சில்கன் டோஃபுவைத் திறந்தால் இரண்டு நாளுக்குள் தீர்ப்பது நல்லது. சமைத்த பொடிமாஸ் மறுநாள் வரை தாங்கும். சூடாக்கும்போது வாசனை போய்விடும் என்பதால் காலா நமக்கை மறுபடி ஒரு சிட்டிகை தூவிக்கொள்ள வேண்டும்.